சைக்கிளை வீட்டிலேயே கழற்றிப் பூட்டலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் எப்போது பார்த்தாலும் ஒரு சைக்கிளாவது தலைகீழாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கு அதுதான் வேலை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் சொந்தக்காரப் பிள்ளைகளும் வந்து நின்று கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் சொல்வதெல்லாம் முக்கியமாக நம் ஊர்ப் பழைய கறுப்பு வண்டிக்கு: 28 அங்குலச் சக்கரம், கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கிற கம்பி பிரேக், பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம்.

தெருமுனையில் சைக்கிள் கடை இருக்கும்போது நாமே எதற்குச் செய்ய வேண்டும்?

காசு மிச்சமாகும் என்று இதில் இறங்க வேண்டாம். ஸ்பேனர் வாங்குகிற செலவில் பத்து முறை கடையில் கொடுத்துவிடலாம்.

என் அம்மாவுக்கு அரிமளம் பக்கம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது இல்லையா, அப்போது ஓட்டப் பழகியவர் அவர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த வண்டியிலேயே பழகினார். ஒருநாள் பஞ்சராகி, வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த ஊர்க் கடை வரை நடந்தாராம். போய்ப் பார்த்தால் டியூபில் ஓட்டையே இல்லை, காற்று அடைக்கிற வாய்க்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாயான வால் டியூப் கிழிந்திருந்தது. ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு பஞ்சர் ஒட்டுவதைத் தானே கற்றுக்கொண்டு எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நம்மைச் சுமந்துகொண்டு போகிற ஒரு பொருளுக்கு என்ன வலிக்கிறது என்று நமக்கே தெரிவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதற்காகத்தான் செய்கிறேன்.

எந்த வண்டியில் தொடங்குவது?

தினமும் ஓட்டுகிற வண்டியில் கை வைக்காதீர்கள். பாதி கழற்றிய நிலையில் திங்கட்கிழமை வந்துவிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். ஓரமாகக் கிடக்கிற வண்டியாகப் பாருங்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் படிப்பு முடிந்ததும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்துவிடுகிறது. தொடங்குவதற்கு அது அருமையான வண்டி. சாமான்கள் எளிதாகக் கிடைக்கும். தப்புச் செய்தாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

பழைய வண்டியே வேண்டும் என்றால் இரும்புக்கடைகளில் கேட்டு வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தூண், கதவு, பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு வண்டி தென்படும். ஆனால் அங்கே அழகுக்கும் சேர்த்து விலை சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் நம் கைக்கு வரும் பழைய வண்டிகளில் நிறைய ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும்தான். அவற்றைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ், பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949ல் தொடங்கியது. தொழிற்சாலை அம்பத்தூரில். கானாடுகாத்தான் போகிற வழியில் பள்ளத்தூரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

பழைய வண்டியை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சட்டம் கோணியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு நூல் போதும். பின் அச்சு உட்காருகிற ஒரு பக்கக் காதில் கட்டி, முன்பக்கம் ஹேண்டில் நிற்கிற குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக்குக் கீழே வருகிற குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒன்றுபோல இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் எங்கோ பலமாக விழுந்த வண்டி, விட்டுவிடலாம். அப்புறம் சீட்டுத் தண்டு அசைகிறதா என்று பாருங்கள். குழாய்க்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தால் அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து செய்யலாம்?

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மட்டும் வேண்டவே வேண்டாம். அது கண்ணாடி மேல் வார்த்த சிமெண்டுக் கல், எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். முதல் வருடம் பட்டாலையில் உட்கார்ந்து நான் சிந்திய கிரீஸ் இன்னும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக இருக்கிறது. அப்பத்தா இருந்தவரை அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் என்னை ஒருமுறை பார்ப்பார்.

முற்றத்தையும் தவிருங்கள். மழைநீர் போக வைத்த துளை சைக்கிள் பால்ஸுக்கென்றே, அதாவது அச்சைச் சுற்றி உருளுகிற இரும்புக் குண்டுகளுக்கென்றே, அளவெடுத்தது போல இருக்கும். பின்கட்டோ கொல்லைத் தாழ்வாரமோ நல்லது. பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருந்தால் விழுந்த சாமான் கண்ணுக்குத் தெரியும்.

என்னென்ன கருவி வேண்டும்?

முதல் மாதத்துக்கு: ஒரு செட் ஸ்பேனர், இரண்டு டயர் லீவர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், பம்பு, பஞ்சர் சாமான். இரண்டாவது மாதம் கோன் ஸ்பேனர், அதாவது தகடு போல மெல்லியதாக இருக்குமே, அது. கூடவே ஸ்போக் திருகுகிற நிப்பிள் சாவி. பின் சக்கரத்தின் பல்சக்கரமான பிரீவீலைக் கழற்றுகிற சாதனம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டுக் குறடு போட்டு நட்டைத் திருகாதீர்கள். முனை மழுங்கிய நட்டை யாராலும் கழற்ற முடியாது. நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனர் இல்லை என்றால் அன்றைக்கு அந்த வேலை இல்லை, அவ்வளவுதான்.

பெண்களுக்கு இதில் பலம் போதுமா?

போதும். நட்டு அசையவில்லை என்றால் முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்பேனரில் ஓரடி இரும்புக் குழாயைச் சொருகி இழுங்கள்.

எந்தப் பக்கம் திருகினால் கழலும்?

எல்லாம் இடது பக்கம், மூன்றைத் தவிர. இடது காலுக்கான பெடல், அதைத் தாங்குகிற கையான கிராங்கில் எதிர்த் திசையில் மரை போட்டது. இரண்டு கிராங்கையும் இணைக்கிற நடு அச்சில், செயின் இருக்கிற வலது பக்கக் கப்பும் (பால்ஸ் உட்காருகிற கிண்ணம்) அப்படித்தான். பிரீவீலின் மேல்மூடியும் எதிர் மரை. பெடலுக்கு எளிய வழி: எந்தப் பக்கப் பெடலாக இருந்தாலும் ஸ்பேனரின் பிடி மேலே நிற்கும்படி மாட்டி, அதைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும். வலது கப்பை முடிந்தவரை தொடாதீர்கள். அதை அங்கேயே வைத்துத் துடைக்கலாம்.

பஞ்சரை ஒழுங்காக ஒட்டுவது எப்படி? நான் ஒட்டினால் மறுநாளே விட்டுவிடுகிறது.

ஈரத்தில் ஒட்டியிருப்பீர்கள். பத்தில் ஒன்பது பேர் செய்கிற தப்பு இது. சொலூஷன் என்பது பசை மாதிரி ஈரமாக ஒட்டுகிற சரக்கு இல்லை. மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பை எடுத்துவிடுங்கள். டியூப் வார்க்கும்போது வந்த கோடு ஏதாவது குறுக்கே போனால் அதையும் தேய்த்துத் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோட்டோரமாகவே காற்று ஊர்ந்து வரும்.

ஓட்டையைத் தேடுவதற்கு முன் டயரில் எந்த இடத்தில் மவுத், அதாவது காற்று அடைக்கிற வாய், இருந்தது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு, டியூபை டயரோடு பொருத்திப் பார்த்தால் முள் எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும். இந்தப் பக்கத்தில் ஆணியால் ஆகும் பஞ்சர் குறைவு. சீமைக் கருவேல முள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அது டயருக்குள் நுழைந்ததும் வெளிமுனை ஒடிந்துபோகும். உள்முனை மட்டும் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் குத்திவிடும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு சுற்றுத் தடவுங்கள். முள் இருக்கிற இடத்தில் பஞ்சு இழைபிடித்து நின்றுவிடும். வெளியிலிருந்து தள்ளாமல், உள்ளேயிருந்து குறடால் பிடித்து இழுங்கள். ஒரு முள்ளை எடுத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஊருணிக் கரையில் வண்டியை உருட்டியவர்களுக்குத் தெரியும், முள் ஒற்றையாக ஏறுவதில்லை.

டயரைத் திரும்ப ஏற்றும்போது மவுத்துக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி மவுத்தில் முடியுங்கள். முடித்ததும் மவுத்தை ஒருமுறை உள்ளே அழுத்தி விடுங்கள். டயர் விளிம்பில் டியூப் மாட்டியிருந்தால் விலகிக்கொள்ளும். கடைசி முழத்துக்கு லீவர் போடாமல் கட்டைவிரலாலேயே ஏற்றப் பழகுங்கள். லீவர் கடித்த டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை இருக்கும்.

வால் டியூப் என்றால்?

மவுத்துக்குள் போகிற சின்ன உலோகத் தண்டின் மேல் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய். காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. வெயிலில் காய்ந்து கிழியும். பஞ்சர் என்று முடிவு கட்டுவதற்கு முன் மவுத்தின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் இதுதான். வண்டியில் எப்போதும் அரை அடி வைத்திருங்கள்.

ஓவராயில் பண்ணும்போது என்ன செய்வார்கள்? வீட்டில் முடியுமா?

சுழல்கிற இடம் ஒவ்வொன்றையும் திறந்து, பால்ஸை எடுத்துக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து மூடுவதுதான் ஓவராயில். வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்த தை மாதத்தில் செய்தால் நல்லது. முன் சக்கரத்தில் தொடங்குங்கள். அதில் கை பழகிவிட்டால் மற்றதெல்லாம் அதே வேலைதான். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுவே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றி, ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் படுக்க வையுங்கள். கோன் என்பது அச்சில் திருகியிருக்கும் கூம்பு, பால்ஸ் அதன் மேல்தான் ஓடும். ஒரு பக்கத்து கோனை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கத்து கோன் அச்சில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அப்போதுதான் திரும்பப் பூட்டும்போது அச்சு நடுவில் நிற்கும். அச்சை மெதுவாக உருவினால் தட்டில் டக் டக்கென்று பால்ஸ் விழும். எண்ணுங்கள். முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம். பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9, கால் அங்குலம். நடு அச்சில் பக்கத்துக்கு 11, அதுவும் கால் அங்குலம். இதுதான் வழக்கமான கணக்கு. உங்கள் வண்டியில் வேறு எண்ணிக்கை வந்தால், முன்பு யாரோ ஒன்றைத் தொலைத்திருக்கலாம்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவி, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் கோனைப் பாருங்கள். பால்ஸ் ஓடின தடம் ஒரு வளையமாகத் தெரியும். அது கண்ணாடி போல மினுங்கினால் நல்ல கோன். அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், எத்தனை கிரீஸ் வைத்தாலும் அது ஓடாது. கோன் மலிவான சாமான். சிக்கனம் பார்க்கிற இடம் இது இல்லை.

பால்ஸில் ஒன்று தொலைந்தால் ஒன்று மட்டும் வாங்கிப் போடாதீர்கள். தேய்ந்த ஒன்பதுக்கு நடுவே புதிது ஒன்று மயிரிழை பெரிதாக இருக்கும். முழுப் பாரமும் அதன் மேலேயே ஏறி, கோனையும் கப்பையும் கெடுத்துவிடும். நானே அப்படி ஒரு ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தை, கெடுத்திருக்கிறேன். மாற்றினால் முழு செட்டாக மாற்ற வேண்டும்.

கப்பில் கிரீஸைத் தாராளமாக வைத்து, அதில் பால்ஸை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். பத்தும் வைத்த பிறகு கொஞ்சம் இடைவெளி மிச்சம் இருக்கும். அதில் இன்னொன்றைத் திணிக்கப் பார்க்காதீர்கள், அந்த இடம் வேண்டும். அச்சை விட்டு, கோனை விரலாலேயே இறுக்கி, ஆட்டம் நிற்கிற இடத்துக்கு வந்ததும் இம்மி அளவு தளர்த்துங்கள்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சக்கரத்தை வண்டியில் மாட்டி, முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, மவுத் பக்கவாட்டில் நிற்கும்படி வைத்துக் கையை எடுங்கள். அந்த மவுத்தின் எடைக்கே சக்கரம் தானாகத் திரும்பி, கீழே வந்து, தாண்டிப் போய், ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். அப்படி ஆடவில்லை என்றால் கோன் இறுக்கம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்றால் தளர்ச்சி. நட்டை முறுக்கும்போது கோனும் கொஞ்சம் சேர்ந்து நகரும். அதனால் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வரும். முதல் தடவை எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. அந்தச் சக்கரம் கடைசியில் தானாக ஊஞ்சலாடியதை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிரீவீலையும் திறக்கலாமா?

வேண்டாம். உள்ளே பொடிப்பொடியாக எக்கச்சக்க பால்ஸும், நகம் அளவு கொக்கிகளும், மயிர் போன்ற ஸ்பிரிங்கும் இருக்கும். டீசல் ஊற்றிச் சுழற்றிக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். கிரீஸ் போகக் கூடாது, கொக்கி ஒட்டிக்கொண்டு பெடல் வெறுமனே சுற்றும்.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'கடுக்' வருகிறதே?

காட்டர் பின். கிராங்கை நடு அச்சோடு பிடித்து வைக்கிற ஆப்பு அது. தளர்ந்தாலோ தேய்ந்தாலோ இந்தச் சத்தம் வரும். அதைக் கழற்றுவதில்தான் பலர் நடு அச்சைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்தரத்தில் நிற்கிற கிராங்கைச் சுத்தியலால் அடித்தால் அடி நேராகப் பால்ஸுக்குப் போய்க் கப்பில் பள்ளம் விழும். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுத்து, அது தரையில் நன்றாக ஊன்றியிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நட்டைப் பின்னின் நுனி வரை தளர்த்தி, நட்டின் மேல் ஒரே அடியாக அடியுங்கள். பத்துச் சின்ன அடிகள் பின்னை வளைக்கத்தான் செய்யும்.

பூட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். ஒரு கிராங்க் முன்னால் நிற்கும்போது அதன் நட்டு மேலே இருந்தால், மற்றது முன்னால் வரும்போது அதன் நட்டும் மேலே இருக்க வேண்டும். ஒருமுறை அவசரத்துக்கு ஒரு கடையில் போட்டு வாங்கிய வண்டியில் இரண்டும் ஒரே பக்கம் இருந்தன. பெடல் இரண்டும் ஒரே கோட்டில் வராமல் நொண்டிக்கொண்டே வீடு வந்தேன்.

சக்கரம் கோட்டம் எடுப்பது கஷ்டமா?

பொறுமை வேண்டும். பழைய வண்டியில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. ரிம் வலது பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் இடது பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலது பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அதற்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். கம்பி பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் பிடிப்பதால், பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் பிரேக் கெடாது. சக்கரம் வட்டம் தப்பி மேலும் கீழும் ஏறி இறங்கினால்தான் கட்டை விட்டுவிட்டுப் பிடிக்கும். அதனால் முதலில் வட்டத்தைப் பாருங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது. சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசினாகிவிடும். நம் செம்மண் தூசி அதில் ஒட்டி, செயினைச் சாணை பிடிக்கிற மாதிரி தேய்க்கும். மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்குள்ளே இருந்தால் போதும்.

தேய்மானம் பார்க்க இரும்பு ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே அரை அங்குலம், 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் செயின் போயிற்று. பிரீவீலையும் சேர்த்து மாற்றுங்கள். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கிற லாக்கின் மூடிய முனை, செயின் ஓடுகிற திசையில் முன்னால் இருக்க வேண்டும்.

துடைக்கும்போது பெடலைச் சுற்றிக்கொண்டே செயினில் துணி பிடிக்காதீர்கள். துணி பல்லில் மாட்டினால் விரலும் கூடவே போகும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் காட்ட வேண்டும்.

பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கலாமா?

தங்கக் கோடும் எழுத்தும் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் அடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். ஈரத் துணியால் துடைத்து, எண்ணெய் பூசிப் பாருங்கள், கறுப்பு எழுந்து வரும். குரோமில் பிடித்த துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டால் குரோமே போய்விடும்.

கியர் சைக்கிள்?

பஞ்சர், கேபிள், பிரேக் கட்டை வரை வீட்டில் பார்க்கலாம். டிஸ்க் பிரேக் தகட்டில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது.

எல்லாம் பூட்டியாயிற்று. உடனே ஓட்டலாமா?

முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், சக்கரம் அசையாமல் ஹேண்டில் மட்டும் திரும்பினால் நடு போல்ட்டை இறுக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். அச்சு நட்டு நான்கையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிறகு ஒரு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். நான் கோவிலூர் வரை போவேன். குளக்கரையில் நிறுத்தி, காட்டர் பின் நட்டு இரண்டையும் இறுக்கிப் பார்ப்பேன். புதுப் பின் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உள்ளே உட்கார்ந்திருக்கும், கால் சுற்றாவது கட்டாயம் ஏறும்.